வீட்டுத் தோட்டக்காரர்கள் இலவசமாகத் தரும் விதைகளை நம்பி விதைக்கலாமா? காசு வாங்காமல் ஏன் தருகிறார்கள்?

விதைக்கலாம். ஆனால் வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: "இதை எந்தச் செடியிலிருந்து, எப்படி எடுத்தீர்கள்?" தெளிவான பதில் வந்தால் வாங்கலாம்; சுரை வகை என்றால் கையால் மகரந்தம் சேர்த்ததாகவும் சொல்ல வேண்டும். "ஏதோ கொடியில் காய்ந்து கிடந்தது, எடுத்து வைத்தேன்" என்றால், அது தக்காளியோ அவரையோ ஆக இருந்தால் பரவாயில்லை. சுரை, பூசணி, வெள்ளரி என்றால் வேண்டாம்.

நீங்கள் இப்போதுதான் தோட்டம் தொடங்கியிருக்கிறீர்கள், யாரோ ஒரு கவர் நிறைய விதை கொடுத்திருக்கிறார்கள், வீட்டில் யாரோ பயமுறுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். கொடுக்கும் பக்கத்தில் இருந்து தப்பு செய்தவன் நான். அதனால் சொல்கிறேன்.

2019ல் என் மாடித் தோட்டத்தில் ஒரு சுரைக்கொடி காய்த்துத் தள்ளியது. காய் அவ்வளவு ருசி. ஒன்றை விதைக்காக முற்றவிட்டு, ஓடு காய்ந்து உள்ளே விதை குலுங்கும் சத்தம் கேட்ட பிறகு உடைத்து, பன்னிரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். அடுத்த வருடம் அதில் ஒரு அக்கா போன் செய்தார். "காய் நல்லா வந்துச்சு தம்பி, ஆனா வாயில வைக்க முடியல, ஒரே கசப்பு." பெரியவர்கள் ஒரு வாயோடு நிறுத்திவிட்டார்கள். அவர் பையன் மட்டும் பசியில் சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறான். மறுநாள் தேறிவிட்டான். எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. இரண்டு வீடு தள்ளி மதில்மேல் ஒருவர் அழகுக்காகக் குடுவைச் சுரை ஏற்றியிருந்தார். சாப்பிட உதவாத கசப்பு ரகம். சுரைப்பூ சாயங்காலம் விரிவது. இருட்டியதும் அந்துப்பூச்சிகள் அங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டு வந்து என் பூவில் சேர்த்துவிட்டன. அந்தக் கலப்பு அந்த வருடக் காயில் தெரியாது, ஏனென்றால் காயின் சதை தாய்க்கொடியுடையது. விதைக்குள் ஒளிந்திருந்து, அதை விதைத்து வரும் கொடியில்தான் வெளிப்படும். அதனால்தான் நான் தின்ற காய் இனித்தது, அவர்கள் வீட்டுக் காய் கசந்தது.

சுரை, சுக்கினி (பூசணி இனக் காய்) வகைகளில் இந்தக் கசப்பைத் தருவது குக்குர்பிட்டசின் என்ற நச்சு. வேகவைத்தாலும் போகாது. 2015ல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். பேய்ச்சுரையைத் தொடாதே என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

விதை வாங்கிய மற்றவர்களையும் தேடித் தேடிச் சொன்னேன். ஒருவரை மட்டும் பிடிக்க முடியவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது சுரை விதை கொடுப்பதென்றால், மறுநாள் விரியப்போகிற மொட்டுகளை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, விரியும் நாள் மதியமே ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டையும் மெல்லிய துணிப்பையால் மூடிவிடுகிறேன். பொழுது சாயும்போது திறந்து, நானே மகரந்தத்தைத் தடவி, மறுபடி மூடி, காம்பில் சிவப்பு நூல் கட்டுகிறேன். அந்தக் காய் மட்டும்தான் விதைக்கு. கவரில் ரகம், எடுத்த மாதம், கையால் சேர்த்ததா இல்லையா எல்லாம் எழுதுவேன். பத்து விதையை ஈர டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்து, எத்தனை முளைத்தது என்பதையும் எழுதுவேன்.

இதைப் படித்துவிட்டு "அப்போ இலவச விதையே ஆபத்து என்கிறாயா?" என்று சண்டைக்கு வருவார்கள். இல்லவே இல்லை. தக்காளி, பட்டாணி, பீன்ஸ் எல்லாம் பெரும்பாலும் தன் பூவிலேயே தானே சேர்ந்துகொள்ளும். பூச்சி கலைப்பது குறைவு. பழகுபவர்கள் அதில்தான் தொடங்க வேண்டும். இன்னொரு பக்கம், "வீரிய ஒட்டு ரகத்தின் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியதன்) விதை முளைக்கவே முளைக்காது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. முளைக்கும், காய்க்கும். தாய்ச்செடி மாதிரியே இருக்காது, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகப் பிரியும், அவ்வளவுதான். ஒட்டு ரகத்திலிருந்து எடுத்த விதையை நாட்டு ரகம் என்று எழுதிக் கொடுப்பதுதான் மோசடி.

ஏன் சும்மா தருகிறோம் என்றால், ஒரு தக்காளிப் பழத்திலேயே நூறு விதைக்கு மேல் இருக்கும். அத்தனையையும் வைத்து நான் என்ன செய்ய? வெங்காய விதையெல்லாம் ஓரிரு வருடத்தில் முளைப்புத்திறன் போய்விடும். பூட்டி வைத்தால் செத்துவிடும். அப்புறம், கொடுத்து வைத்த விதைதான் பத்திரமான விதை. பத்து வருடமாகக் காப்பாற்றி வந்த என் மிளகாய் ரகம் ஒரே பருவத்தில் வைரஸ் வந்து மொத்தமாகப் போய்விட்டது. நான் கொடுத்திருந்த ஒருவரிடமிருந்துதான் திரும்ப வந்தது.



உங்கள் கையில் இருக்கும் கவருக்கு வருகிறேன். அதில் சுரையோ வெள்ளரியோ இருந்து, விதைத்தும்விட்டீர்கள் என்றால், காய் வந்ததும் சமைக்கும் முன் பச்சையாக ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கொடியிலும் பாருங்கள், ஒரே காயின் விதைகள் ஒன்றுபோல் இருக்காது. கசந்தால் துப்பிவிட்டுக் கொடியைப் பிடுங்குங்கள். கொடுத்தவர் மனம் நோகும் என்று பார்க்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த அக்கா எனக்குச் சொல்லாமல் இருந்திருந்தால், மீதி விதையையும் நான் அந்த வருடமே கொடுத்திருப்பேன்.