லெவல் 2 இருந்தால் ஸ்டீயரிங்கை விட்டுவிடலாமா?

கேள்வி: மின்சார கார் வாங்கப் போகிறேன். ஈரோட்டிலிருந்து அடிக்கடி சென்னை போய்வருபவன். ‘லெவல் 2 அடாஸ்’ உள்ள வேரியன்ட்டை எடுங்கள், கார் தானாகவே ஓடும் என்கிறார் ஷோரூம்காரர். கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: தானாக ஓடாது. அடாஸ் என்பது கேமரா, ரேடார் வைத்து ஓட்டுநருக்கு உதவும் அமைப்பு, அவ்வளவுதான். லெவல் 2 கார் ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். சாலையைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். மோதினால் பொறுப்பும் உங்களுடையதே. கிரெட்டா எலெக்ட்ரிக், ஹாரியர் இ.வி. எல்லாம் இந்த வகை. சிலர் ‘2 பிளஸ்’ என்பார்கள். அந்த பிளஸ் விளம்பரத்துக்கு. ஓட்டுநர் கண்ணை எடுக்கலாம் என்பதே லெவல் 3-ல்தான் வருகிறது. ஜெர்மனியில் மெர்சிடிஸ் 2022-ல் அதை விற்கத் தொடங்கியபோது, 60 கி.மீ. வேகம் வரைதான் அனுமதி.

இதில் காசுக்குத் தகுந்தது தானியங்கி அவசர பிரேக். நீங்கள் ஒரு நொடி அசந்தாலும் முன்னால் போகும் வண்டியில் மோதுவதைத் தவிர்க்கும், அல்லது அடியின் வேகத்தையாவது குறைக்கும். ஆனால் நம் நெடுஞ்சாலையில் பெரிய ஆபத்து, இரவில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி. அதிவேகத்தில் போகும்போது, அசையாமல் நிற்கும் வண்டியை இந்த அமைப்புகள் தவறவிடலாம். கார் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும்; யாரும் படிப்பதில்லை.

முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ் பைபாஸில் சுகம்தான். முன்வண்டி வேகம் குறைத்தால் மின்சார கார் பெரும்பாலும் மோட்டாரை வைத்தே குறைத்துக்கொள்ளும், குலுக்கல் இருக்காது. சிக்கல் என்னவென்றால், அது விடும் இடைவெளியில் பைக் நுழையும், கார் பிரேக் போடும், பின்னால் ஒட்டி வரும் பஸ்காரருக்கு அது தெரியாது. ஊருக்குள் அணைத்துவிடுங்கள். காரை லேனுக்குள்ளேயே வைத்திருக்கும் லேன் அசிஸ்டுக்குச் சாலையில் கோடு வேண்டும். கோடு அழிந்த இடத்தில் அது வேலை செய்யாது. இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறினால் ஸ்டீயரிங் எதிர்த்து இழுக்கும். அந்தப் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள்.

சுமார் 400 கி.மீ. போகிறவருக்கு அடாஸா, பெரிய பேட்டரியா என்று வந்தால் நான் பேட்டரி என்பேன். இரண்டும் ஒரே வேரியன்ட்டில் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

அப்புறம், முன்கண்ணாடி மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் அடாஸ் கேமராவை மறுபடி கேலிபரேட் செய்ய வேண்டும், அதாவது சரியாகப் பார்க்கும்படி அளவு சரிசெய்ய வேண்டும். அதன் செலவையும், காப்பீட்டில் அது வருமா என்பதையும் முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். பம்பர் கார்டு மாட்டாதீர்கள். ரேடாரை மறைக்கும், சட்டப்படியும் தடை.