போனுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: யாரிடம் பேசினேன், எங்கே போனேன் என்று என் கணவர் சாயங்காலம் அப்படியே சொல்கிறார். போனில் ஏதாவது வைத்திருப்பாரா?

பதில்: வைத்திருக்கலாம். அதற்குப் பெரிய உளவுச் செயலி கூடத் தேவையில்லை அம்மா. போன் 5 நிமிடம் கையில் கிடைத்தால் உங்கள் வாட்ஸ்அப்பைத் தன் கம்ப்யூட்டரில் இணைத்துவிடலாம்; கூகுள் மேப்ஸில் நீங்கள் இருக்கும் இடம் தனக்குத் தெரியும்படி செய்துவிடலாம். வாட்ஸ்அப் அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் அங்கே இருக்கிறதா? அப்புறம் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வையும், உங்கள் கூகுள் கணக்கு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்.

ஆனால் கண்டதும் நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் அவருக்குத் தெரிந்துவிடும். கை ஓங்கும் மனிதர் என்றால் அது ஆபத்து. நம்பிக்கையானவர் போனில் அதைப் படமெடுத்து வைத்துவிட்டு, அந்தப் போனிலிருந்தே 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். தாலி கட்டியதால் உங்கள் போனைத் துழாவும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. சந்தேகப்படுகிறோமே என்று நீங்கள் கூச வேண்டியதில்லை.

கேள்வி: கடன் செயலி ஒன்று என் போனில் உள்ள எண்களை எல்லாம் பார்க்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ரிசர்வ் வங்கி 2022-லேயே இதைத் தடுத்துவிட்டது. தவணை தவறினால் உங்கள் சொந்தக்காரர்களை அழைத்து அவமானப்படுத்தத்தான் அந்த எண்கள். ஏற்கெனவே மிரட்டுகிறார்கள் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.

கேள்வி: போலீஸ் நினைத்தால் யார் போனையும் ஒட்டுக்கேட்கலாமா?

பதில்: முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்கில் 2011-இல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவையே ரத்து செய்தது. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு, இந்த இரண்டில் ஒன்று இருக்க வேண்டும்; குற்றத்தைத் துப்பறிய வேண்டும் என்பது மட்டும் போதாது என்றது. எனக்கு மிகவும் ஆறுதல் தந்த தீர்ப்பு இது.

கேள்வி: லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள்.

பதில்: கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதைக் கொடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டுங்கள்.