தென்னாப்பிரிக்காவின் வயிற்றுக்குள் ஒரு நாடு: லெசோத்தோ பற்றிக் கேள்வி பதில்

போன மாதம் டர்பனிலிருந்து நம் ஆட்கள் இரண்டு வண்டிகளில் சானி கணவாய் ஏறிப் போய் வந்தோம். உச்சியில் லெசோத்தோ முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்ததும் ஆளாளுக்குக் கேள்வி. அந்தப் பாதையில் வண்டியை இறக்கிக்கொண்டே பதில் சொல்வது ஆகாத காரியம். எழுதிக் கொடுங்கள், உட்கார்ந்து பதில் எழுதுகிறேன் என்றேன். நான் கரூர்க்காரன். லெசோத்தோ தலைநகர் மசேருவில் ஜீன்ஸ் தைக்கும் ஆலையில் 2002 முதல் பதினோரு வருடம் மெஷின் மெக்கானிக். வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் படித்ததும் பக்கத்தில் இருந்து பார்த்ததும்தான் என் சரக்கு.

சாட்ஸ்வொர்த் அக்கா ஒருவர்: நாலா பக்கமும் தென்னாப்பிரிக்கா. கடலும் இல்லை. இவ்வளவு நாள் இதை விழுங்காமல் எப்படி விட்டு வைத்தார்கள்?

விட்டு வைக்கவில்லை அக்கா, பல தடவை வாயில் போட்டுப் பார்த்தார்கள். 1824இல் மொஷ்வேஷ்வே என்ற தலைவர் தன் மக்களோடு தபா போசியு என்ற மலைமேல் குடியேறினார். உச்சி மேசை மாதிரி தட்டை. ஊற்று உண்டு, மாடு கட்ட இடம் உண்டு, ஏற ஒரு சில வழிதான். நானும் ஏறியிருக்கிறேன், மறுநாள் ஆலையில் குனிந்து மெஷின் பார்க்க முடியவில்லை. அவர் காலத்தில் அந்த மலையை யாராலும் பிடிக்க முடியவில்லை. 1865இல் லூ வெபனர் என்ற போயர் (டச்சு வம்சாவளி வெள்ளைக் குடியேறி) தளபதி ஏறிவரும்போதே சுடப்பட்டு இறந்தார்.

ஆனால் மலையைவிட மனிதர்தான் விசேஷம். 1852 டிசம்பரில் பிரிட்டிஷ் ஆளுநர் காத்கார்ட் படையோடு வந்து பெரியா மேட்டில் மோதினார். பசோத்தோக்களின், அதாவது மொஷ்வேஷ்வே மக்களின், கைதான் ஓங்கியிருந்தது. அன்று ராத்திரியே மொஷ்வேஷ்வே ஒரு கடிதம் அனுப்பினார்: உங்கள் பலத்தைக் காட்டிவிட்டீர்கள், எங்களைத் தண்டித்தாயிற்று, மாடுகளையும் ஓட்டிக்கொண்டீர்கள், இத்தோடு போதும் என்கிற தோரணையில். காத்கார்ட்டும் காரியம் முடிந்தது என்று சொல்லிக்கொண்டு படையைத் திருப்பிவிட்டார். ஜெயித்தவன் அதைச் சொல்லிக்காட்டாமல் இருப்பது லேசான காரியமா? நம் ஊர்ப் பங்காளிச் சண்டையில் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

அப்புறம் மேற்கே ஃப்ரீ ஸ்டேட் என்று தனிக் குடியரசு வைத்திருந்த போயர்களோடு 1858இலும் 1865க்குப் பிறகும் போர். கலெடன் ஆற்றுக்கு மேற்கே இருந்த நல்ல விளைநிலம் எல்லாம் போனது. மிச்சமும் போகும் என்ற நிலையில் பிரிட்டிஷ் பாதுகாப்பு கேட்டு, 1868 மார்ச் 12 அன்று அது கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து அவர் இறந்தார். (நீங்கள் கிரே தெருவில் வாங்குகிற ஷ்வேஷ்வே துணியின் பெயரே இவர் பெயரிலிருந்து வந்தது என்பார்கள்.)

ஃபீனிக்ஸ் தம்பி: அண்ணா, பிரிட்டிஷ்காரனிடம் ஒப்படைத்துவிட்டு அதைச் சுதந்திரத்தைக் காப்பாற்றியது என்கிறீர்களே?

நியாயமான கேள்வி. இரண்டு பெரியவர்களில் ஒருவரிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், தூரத்துப் பெரியவரிடம் போ. இதுதான் அவர் கணக்கு. போயருக்கு வேண்டியது வயல். லண்டனுக்கு அந்த மலைக்காட்டில் பெரிதாக எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கணக்கு ஒரு தடவை தப்பியது. 1871இல் லண்டன் இவர்களைக் கேப் காலனி (கேப் டவுனிலிருந்து ஆண்ட பிரிட்டிஷ் குடியேற்றம்) கையில் கொடுத்துவிட்டது. கேப் காலனி 1880இல் துப்பாக்கிகளைப் பிடுங்க வந்தது. சண்டை மூண்டது, பிடுங்க முடியவில்லை, 1884இல் மறுபடி லண்டனின் நேரடி ஆட்சி. 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது இந்த நாட்டைப் பின்னால் சேர்த்துக்கொள்ளச் சட்டத்திலேயே வழி வைத்திருந்தார்கள். பிரிட்டோரியா, அதாவது தென்னாப்பிரிக்க அரசு, கேட்டுக்கொண்டே இருந்தது, லண்டன் இழுத்துக்கொண்டே இருந்தது, 1948இல் நிறவெறி ஆட்சி வந்த பிறகு கொடுப்பது இன்னும் கடினமாகிவிட்டது. 1966 அக்டோபர் 4 அன்று தனி நாடு. 1868இல் போயர் கையில் போயிருந்தால் அந்தத் தேதி வந்திருக்காது தம்பி.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியை: ஸ்வாசிலாந்தும் (இப்போது எஸ்வாத்தினி) இதே வழியில் தப்பியதுதானே? இரண்டும் ஒன்றுதானா?

வரைபடத்தில் ஒன்று மாதிரி தெரியும் டீச்சர். மண்ணில் இறங்கினால் வேறு. எனக்குப் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1880களில் ஸ்வாசி அரசர் ம்பாண்ட்செனி வந்த வெள்ளையருக்கெல்லாம் உரிமைப்பத்திரம் எழுதிக் கொடுத்தார். மேய்ச்சலுக்கு ஒன்று, சுரங்கத்துக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று. அவருக்கு அது வாடகை மாதிரி. வாங்கியவனுக்குக் கிரயம் மாதிரி. 1907இல் பிரிட்டிஷார் நிலத்தைப் பங்கு பிரித்தபோது ஸ்வாசிகளுக்கு மிஞ்சியது சுமார் மூன்றில் ஒரு பங்கு. நாடு இருந்தது, காலடி மண் ஊரான் பெயரில். பிறகு இரண்டாம் சொபூசா அரசர் தன் நீண்ட ஆட்சிக் காலம் முழுக்க அதைத் திரும்ப வாங்கப் பாடுபட்டார். ஒரு வசதி அவர்களுக்கு உண்டு: மொசாம்பிக் பக்கம் இன்னொரு வாசல்.

லெசோத்தோவில் மண் யாருக்கும் சொந்தமில்லை. நாட்டுக்குச் சொந்தம், அரசர் பெயரில் தலைவர்கள் பிரித்துத் தந்து வந்தார்கள். வெள்ளைக் குடியேறிகளுக்கு விற்கவே இல்லை. மந்திரத்தை இங்கேதான் வைத்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். உழைப்பை விற்றார்கள்: 1980களில் லட்சம் பேருக்கு மேல் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில். தண்ணீரை விற்றார்கள். மண்ணை விற்கவில்லை.

இது எவ்வளவு தொல்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் தைவான் முதலாளி அமெரிக்காவுக்கு லட்சக்கணக்கில் பேண்ட் அனுப்பினார், ஆனால் ஆலைக் கொட்டகை வாடகைக்குத்தான். கம்ப்ரஸருக்குத் தனியாக ஒரு சின்ன அறை கட்ட வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்கு அலைந்தேன். ஆறு மாதம். கடைசியில் தகரத்தை வளைத்து மூடிவிட்டு வேலையைப் பார்த்தோம். மழை பெய்தால் டமடமவென்று சத்தம்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து: எங்கள் குழாய்த் தண்ணீர் லெசோத்தோவிலிருந்து வருகிறது என்கிறார்கள். அப்படியானால் குடுமி அவர்கள் கையில்தானே?

குழாய் அவர்கள் கையில், சுத்தியல் நம் கையில். 1986ஐ மட்டும் பாருங்கள். லெசோத்தோவின் முதல் பிரதமர் ஜொனாதன் ஆரம்பத்தில் பிரிட்டோரியாவுக்கு நல்ல பிள்ளை. பிறகு மனம் மாறி, தப்பி ஓடிவந்த தென்னாப்பிரிக்க விடுதலை இயக்கத்தாருக்கு இடம் கொடுத்தார். 1982 டிசம்பர் 9 அதிகாலை நிறவெறி அரசின் படை மசேருவுக்குள் புகுந்து 42 பேரைக் கொன்றது. அப்போதும் வளையவில்லை. 1986 ஜனவரி 1 அன்று எல்லையை இறுக்கினார்கள். பெட்ரோலும் சாமானும் நின்றன. இருபதாம் நாள் ராணுவப் புரட்சி, ஜொனாதன் வீட்டுக்கு. அதே வருடம் அக்டோபர் 24 அன்று தண்ணீர் ஒப்பந்தம் கையெழுத்து.

ஆனாலும் நல்ல பேரம்தான். கட்சே அணை 185 மீட்டர் உயரம். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் ஃப்ரீ ஸ்டேட்டில் வெளியே வந்து வால் ஆற்றுப் பக்கம் போகிறது. 1998 முதல் ஓடுகிறது, அதற்கு மாதாமாதம் காசு. 2024 அக்டோபரிலிருந்து ஆறு மாதம் பராமரிப்புக்காகச் சுரங்கத்தை மூடியபோது உங்கள் பக்கம் எல்லோரும் அணை மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு நாம் வேண்டியவனாக இருப்பது ஒரு பாதுகாப்பு. ரொம்ப வேண்டியவனாகிவிட்டால் அதுவே ஆபத்து. எப்படி என்கிறீர்களா? கீழே பாருங்கள்.

டர்பன் வடக்கு: 1998இல் மண்டேலா காலத்திலேயே நம் ராணுவம் உள்ளே போனதாமே?

போனது. தேர்தல் தகராறு, சிப்பாய்க் கலகம், அவர்கள் பிரதமரே உதவி கேட்டார். செப்டம்பர் 22 அன்று நுழைந்தார்கள், போட்ஸ்வானா படையும் பின்னால் வந்தது. முதல் நாளே கட்சே அணையைப் பிடித்தார்கள். அங்கே லெசோத்தோ வீரர்கள் செத்தார்கள். மசேரு கடைத்தெரு கொள்ளையும் தீயுமாகப் போனது. நான் போன 2002இல்கூடக் கருகிய சுவர்கள் நின்றன. கூப்பிட்டதால் போனோம் என்பது சரி. அணைக்கு ஏன் முதலில் போனீர்கள் என்று எங்கள் ஆலை வாட்ச்மேன் கேட்பார். என்னிடம் பதில் இல்லை.

டோங்காட்டிலிருந்து ஒரு பெரியவர்: டிரான்ஸ்கையும்தான் கொடி ஏற்றியது. அது ஏன் நாடாகவில்லை?

ஐயா, கொடியைத் தைத்துக் கொடுத்தவன் யார் என்பதுதான் வித்தியாசம். டிரான்ஸ்கை நிறவெறி அரசு கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பகுதி. 1976 அக்டோபரில் பிரிட்டோரியா அதைத் தனி நாடு என்றது. உலகத்தில் வேறு எந்த நாடும் ஒப்புக்கொள்ளவில்லை. லெசோத்தோவின் தென்கிழக்கு எல்லைச் சாவடிகள் டிரான்ஸ்கை பக்கம்தான் திறக்கும். அங்கீகரித்தால் சிரமமில்லாமல் போய்வரலாம். மறுத்துவிட்டு ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போனார்கள், சபையும் பாராட்டித் தீர்மானம் போட்டது. வாசல் அடைபட்டாலும் பரவாயில்லை என்று இருந்தார்களே, அதைச் சொல்ல வேண்டும்.

அதே பெரியவர்: அந்தக் காலத்தில் ஃப்ரீ ஸ்டேட்டில் நாம் தங்கவே கூடாது. என் அப்பா இரவோடிரவாக வண்டி ஓட்டிக் கடப்பார்.

ஆமாம் ஐயா. இந்தியர் அங்கே தங்கக் கூடாது என்ற 1891 சட்டம், 1986 வரை நீடித்தது. நம்மைத் தங்கவிடாத அந்த மண்ணில் ஒரு பகுதி பசோத்தோக்களிடமிருந்து எடுத்தது. 2023இல் அவர்கள் நாடாளுமன்றத்தில்கூட அதைத் திருப்பிக் கேட்கும் தீர்மானம் விவாதத்துக்கு வந்தது. கிடைக்காது. கேட்டு வைப்பதில் தப்பில்லை.

ஐசிபிங்கோ தங்கை: அங்கே நம் ராண்ட் செல்லும், அவர்கள் பணம் இங்கே செல்லாது. இது என்ன நாடு?

லோட்டி 1980இல் வந்தது, ஒரு லோட்டிக்கு ஒரு ராண்ட். மசேரு கடையில் ராண்ட் நீட்டினால் மீதியைக் கலந்து தருவார்கள். பாலம் தாண்டி லேடிபிராண்டில் அந்த லோட்டியைக் கொடுத்தால் கல்லாக்காரப் பெண் இரண்டு விரலால் திருப்பித் தள்ளுவாள். சுங்க வருமானமும் 1910இல் போட்ட தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியம் வழியாகத்தான் வருகிறது. அவர்கள் பட்ஜெட்டில் அது பெரும்பங்கு. இந்த விஷயத்தில் போட்ஸ்வானா கெட்டி: வைரம் கிடைத்த தெம்பில் 1976இலேயே புலா என்று தனிப் பணம் போட்டது. லெசோத்தோ ஜீன்ஸ் தைத்து வெளி வாடிக்கையாளரைப் பிடிக்கப் பார்த்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 50 சதவீத வரி என்று அறிவித்து, பிறகு 15 ஆக்கியது. அதற்குள் ஆர்டர்கள் போய்விட்டன என்று என் பழைய ஆட்கள் போனில் அழுதார்கள்.

பேசாமல் சேர்ந்துவிட்டால் என்ன? (பெயர் போடாமல் ஒருவர்)

இதே கேள்வியை எங்கள் தையல் வரிசை சூப்பர்வைசர் அம்மாவிடம் கேட்டேன். கணவர் வெல்கம் சுரங்கத்தில், மகள் புளூம்ஃபோன்டைனில். குளிருக்குத் தோளில் கம்பளியைப் போட்டு ஊக்கு குத்திக்கொண்டே சொன்னார்: "இங்கே வீடு கட்ட இடம் வேண்டுமென்றால் எங்கள் ஊர்த் தலைவரிடம் போய் நிற்பேன். அங்கே யாரிடம் போய் நிற்பது?"

சாட்ஸ்வொர்த் அக்கா மறுபடி: அடுத்த பயணம் எப்போது?

செப்டம்பரில் பனி விட்டதும் போகலாம் அக்கா. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி கட்டாயம். புளியோதரை போன தடவை மாதிரி நீங்களே கொண்டு வாருங்கள். மீதியாக வருகிற லோட்டியை மேலேயே செலவழித்துவிட்டு இறங்குங்கள். என் மேசை இழுப்பறையில் ஏற்கெனவே முந்நூற்று நாற்பது கிடக்கிறது.