இருக்கும் ஆடியோ ஃபர்ம்வேரில் புதிய சாம்பிள் ரேட் சேர்ப்பது ஒரு வார வேலையா?

"ஒரு வாரம் போதும்" என்று உங்கள் மேலாளர் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எந்த ரேட் என்பதைப் பொறுத்தது. ஃபர்ம்வேர் என்பது கருவிக்குள்ளேயே ஓடும் நிரல். சாம்பிள் ரேட் என்பது நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் (சாம்பிள்கள்) என்ற கணக்கு. கருவி 48இல் ஓடினால், மற்ற ரேட்டில் வருவதை அதற்கு மாற்ற வேண்டும். 16 கிலோஹெர்ட்ஸை 48 ஆக்குவது நேரான மும்மடங்கு. 44.1ஐ 48 ஆக்கும்போதுதான் 160/147 என்ற விகிதம் வந்து நிற்கும். மாற்றித் தரும் ஃபில்டருக்கு 160 கட்டங்கள், கட்டத்துக்கு 32 கெழுக்கள் (சாம்பிள்களைப் பெருக்கும் எண்கள்), ஒவ்வொன்றும் 2 பைட் என்றால் அட்டவணைக்கே 10 கிலோபைட். 11.025 வேண்டுமென்றால் 640 கட்டங்கள், 40 கிலோபைட். கெழுக்களின் சமச்சீரைப் பயன்படுத்திப் பாதியாக்கலாம் என்று யாரும் திருத்த வரவேண்டாம், தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் அடிபட்டது ஃபில்டரில் அல்ல, பஃபரில், அதாவது வரும் சாம்பிள்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத்தில். 48 மட்டுமே ஓடிய ஒரு யுஎஸ்பி ஸ்பீக்கரில் 44.1ஐச் சேர்த்தேன். வீணை இசைக்கு அடியில் மெல்லிய உறுமல் கேட்டது. அளந்தால் 100 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்னாக்கும்போது எஞ்சும் இரைச்சலும் 100தான். எல்லோரும் பவர் சப்ளை வடிவமைத்த அண்ணனைக் குற்றம் சொன்னோம். இரண்டு வாரம் மின்தேக்கிகளை மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட்டிக் காட்டினார். உறுமல் அப்படியே இருந்தது. பாட்டை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது என்பதை நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும்.

யுஎஸ்பியில் மில்லிநொடிக்கு ஒரு தரவுப் பொட்டலம் வருகிறது. 48இல் எப்போதும் 48 சாம்பிள்கள். 44.1இல் ஒன்பது முறை 44, பத்தாவது முறை 45. பழைய நிரல் ரேட்டை 1000ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, 44க்கு மட்டும் இடம் ஒதுக்கியிருந்தது. 45ஆவது சாம்பிள் ஒவ்வொரு முறையும் தொலைந்தது. நொடிக்கு நூறு வெட்டுகள். ஒரு வரியில் சரியானது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அவருடைய அந்த ஆண்டு மதிப்பீட்டில் "தாமதம்" என்றே எழுதினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரேட்டை மாற்றத் தனி சிப் போடலாமே என்பார்கள். போடலாம், பலகை அச்சாகும் முன்பு.

மூன்று வாரம் கேளுங்கள். ஒவ்வொரு ரேட்டிலும் 997 ஹெர்ட்ஸ் சைன் அலையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அலைமாலையில் (எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில்) வேறு கோடு முளைக்கிறதா என்று பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் கோடுகள் முளைத்தால், பவர் சப்ளைக்காரரைக் கூப்பிடும் முன் உங்கள் பஃபரின் அளவைப் பாருங்கள்.