வயல் பச்சை, வரப்பு மொட்டை: டெல்டா தேனீக்கள் பற்றிக் கேள்வி பதில்

எங்கள் உழவர் குழுவில் ஞாயிறு காலை தேனீ பற்றி எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி, பெட்டி எங்கே கிடைக்கும் என்பதுதான். நான் பெட்டி வைப்பவள் அல்ல. வயலில் தானாகத் திரியும் தேனீக்களைப் பார்த்துக் குறித்து வைப்பவள். முதலிலேயே ஒன்று: பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள். இதை இன்னும் சொல்வேன்.

நீடாமங்கலம்: அக்கா, எங்க தாத்தா காலத்துல வேலியில கொம்புத்தேன் கூடு அஞ்சாறு தொங்குமாம். இப்ப ஒண்ணைப் பார்க்கிறதே அபூர்வம். நிலம் அப்படியே பச்சையாத்தானே இருக்கு?

பச்சைதான். ஆனால் நெல் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும் பயிர். மகரந்தம் உண்டு, தேன் கிடையாது. தாத்தா காலத்தில் சம்பா அறுக்கும் முன்பே அந்த வயலில் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். மாசி, பங்குனியில் வயலெங்கும் மஞ்சள் பூ. மேட்டுப் பக்கம் எள். இப்போது ஆழ்துளைக் கிணறு இருப்பவர் கோடையிலும் நெல் நடுகிறார். தேனீக்கு அந்த மாதங்கள் பட்டினி.

இரண்டாவது சங்கதி வீடு. கொம்புத்தேனீக்கு வேலிச்செடி வேண்டும், கம்பிவேலியில் அது கூடு கட்டாது. தச்சுத்தேனீ, அதாவது நாம் கருவண்டு என்கிறோமே, அது காய்ந்த மூங்கிலைத் துளைத்துக் குடியிருக்கும். கீற்றுக் கொட்டகை போய்த் தகரம் வந்ததும் அதன் வீடும் போயிற்று.

இவை தவிர மண்ணைத் தோண்டி வாழும் தனித்தேனீக்கள் பல வகை. ராணியும் படையும் கிடையாது. ஒரு பெண் தேனீ தானே குழி தோண்டி, மகரந்த உருண்டை ஒன்றை உருட்டி வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு அறையை மூடிவிடும். அடுத்த அறைக்கும் அதே வேலை. சம்பாவில் நம் வயல் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கிறது, அங்கே எப்படிக் குடியிருக்கும்? வரப்பும் திடலும் வாய்க்கால் கரையும்தான் அதற்குக் கிடைக்கும் மேடு. நாமோ வரப்பைச் செதுக்கிச் செதுக்கி ஒற்றைக்கால் வைக்கும் அளவுக்கு ஆக்கிவிட்டோம், மிச்சத்தில் களைக்கொல்லி. திடல் மனைக்கட்டாகிறது. வாய்க்கால் கரைக்கு சிமெண்ட். மலைத்தேனீ கிலோமீட்டர் கணக்கில் பறந்து வேறு பூ தேடும். சிறிய தனித்தேனீ சில நூறு மீட்டரைத் தாண்டாது. அந்த வட்டத்துக்குள் பூவும் இல்லை, மண்ணும் இல்லை என்றால் கதை முடிந்தது.

கும்பகோணம்: தேனீப் பெட்டி எங்கே வாங்கலாம்?

நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

மன்னார்குடி: தேனீ அழிஞ்சா நாலு வருசத்துல மனுசன் அழிவான்னு ஐன்ஸ்டீன் சொன்னாராமே?

அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. சோறு இருக்கும். பூசணி, பீர்க்கு, கத்தரிக்குத்தான் திண்டாட்டம்.

பாபநாசம்: கத்தரிக்குத் தேனீ எதுக்கு? காத்துல தானா காய்க்காதா?

நல்ல கேள்வி. கத்தரிப்பூவின் மகரந்தப்பை உப்பு டப்பா மாதிரி, நுனியில் மட்டும் ஓட்டை. குலுக்கினால்தான் கொட்டும். காற்று கொஞ்சம் குலுக்கும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலவரித்தேனீக்கும் கருவண்டுக்கும் தெரியும். பூவைக் கவ்விப் பிடித்து, இறகை அசைக்காமல் நெஞ்சுத்தசையை மட்டும் அதிரவிடும். காலை எட்டு மணிக்குப் பாத்தியில் குந்திப் பாருங்கள், 'ஸ்ஸ்ர்ர்' என்று விட்டுவிட்டு ஒலிக்கும். வயிற்றில் மாவு பூசியதுபோல் மகரந்தம் ஒட்டியிருக்கும். சாயங்காலம் ஆண் நீலவரித்தேனீக்கள் காய்ந்த குச்சி ஒன்றில் வரிசையாக, வாயால் கடித்துத் தொங்கியபடி தூங்கும். அந்தக் குச்சியை வெட்டிவிடாதீர்கள்.

பேராவூரணி: கஜா புயலுக்கு அப்புறம் எங்க பக்கம் தேனீ குறைஞ்ச மாதிரி இருக்கு.

இருக்கும். தென்னை மாதம் ஒரு பாளை விடும், ஆண்டு முழுக்கத் தேனும் மகரந்தமும். 2018 நவம்பர் 16 அன்று அந்தப் பந்தி ஒரே ராத்திரியில் சாய்ந்தது. பொந்து மரங்களும் விழுந்தன, அவைதான் அடுக்குத்தேனீக்கும் கொசுத்தேனீக்கும் வீடு. கன்று நட்டுப் பாளை வரும்வரை தோப்போரம் புங்கனும் அகத்தியும் வையுங்கள்.

வேதாரண்யம்: சீமைக்கருவேலை வெட்டினதும் தேன் போச்சு. அதைச் சொல்லுங்க.

உண்மைதான். அதன் பூவில் தேன் உண்டு, வறண்ட மாதத்திலும் பூக்கும்.

திருத்துறைப்பூண்டி: அக்கா, நீங்களே கருவேலுக்கு வக்காலத்தா? 2017ல ஐகோர்ட்டே வெட்டச் சொல்லிச்சே!

வக்காலத்து இல்லை. வெட்டுங்கள், ஆனால் வெட்டிய இடத்தில் என்ன நட்டீர்கள்? பொக்லைன் வந்து மேல்மண்ணோடு வாரிப்போனால் கருவேலும் போகும், மண்ணுக்குள் இருந்த தேனீயும் போகும். பிறகு அதே இடத்தில் கருவேல் விதைதான் முதலில் முளைக்கும்.

வேதாரண்யம்: அப்ப வெட்டக்கூடாதுன்னுதானே அர்த்தம்?

இல்லை ஐயா. கோடியக்கரைக் காட்டில் பாலையும் நாவலும் இருக்கும் இடத்தைக் கருவேல் பிடித்தால் பிடுங்கத்தான் வேண்டும். ஊர்ப் பொட்டலில் என்றால் பாதியை வெட்டி, வேம்பு, புங்கன் வைத்து, அவை பூத்த பிறகு மீதியை எடுங்கள்.

திருத்துறைப்பூண்டி: கருவேல் நிலத்தடி நீரை உறிஞ்சுது, தேனீயாவது ஒண்ணாவது.

தண்ணீர்ச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள்.

சீர்காழி: எங்க ஊர்ல நெல் வயல் இறால் குட்டை ஆயிடுச்சு.

கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். குட்டைக்கரையில் உப்பு ஏறினால் பூச்செடி நிற்காது, பக்கத்து வயலும் கெடும். அலையாத்திப் பூவில் தேனீ மொய்க்கும், அதையாவது விட்டுவையுங்கள்.

ஒரத்தநாடு: அக்கா, பெட்டி எங்க கிடைக்கும்?

மேலே சொல்லிவிட்டேன்.

வலங்கைமான்: உளுந்துல பூச்சி. எப்ப மருந்து அடிக்கிறது?

முதலில் அடிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பின். இமிடாகுளோபிரிட், தயமீத்தாக்சாம், குளோத்தியானிடின் என்ற மூன்று பூச்சிமருந்துகளையும் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை போட்டது, தேனீக்காக. நம் கடைகளில் முதலிரண்டும் தாராளம். காலையில் அடிக்காதீர்கள்.

கூத்தாநல்லூர்: தண்ணித் தொட்டியில மலைத்தேன் கட்டியிருக்கு. கொளுத்திடலாமா?

வேண்டாம். பருவம் முடிந்தால் தானே கிளம்பிப் போகும். அதுவரை பிள்ளைகளைக் கல் எறிய விடாதீர்கள்.

குடவாசல்: தனித்தேனீ வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வெயில் ஏறிய பத்து மணிக்கு, செதுக்காத வரப்பில் புல் இல்லாத இடமாகப் பாருங்கள். பென்சில் நுழையும் அளவு துளை, சுற்றிப் பொடிமண் வளையம். எறும்புப் புற்று என்று தாண்டிப்போகாமல் கால்மணி நேரம் இருங்கள். பின்னங்காலில் மஞ்சள் பொடி சுமந்து ஒன்று வந்து இறங்கும். அங்கே ஒரு குச்சி நட்டு, மண்வெட்டி போடுகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

திருவிடைமருதூர்: வணக்கம் அக்கா, தேனீப் பெட்டி...

மேலே.