ஒன்றரை ஆண்டாகக் குழந்தை இல்லை. யார் முதலில் பரிசோதனை செய்துகொள்வது?

மனைவிக்கு 33 வயது, ஒன்றரை ஆண்டாகக் கருத்தரிக்கவில்லை, யார் முதலில் மருத்துவரைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். ஓராண்டு முயன்றும் (பெண்ணுக்கு 35 வயதாகியிருந்தால் ஆறு மாதம்) கருத்தரிக்காதபோது பரிசோதனையைத் தொடங்குவதே முறை.

நம் வீடுகளில் பெண்ணை மட்டுமே மருத்துவமனைக்கு அலையவிடுவது அநீதி மட்டுமல்ல, காலவிரயமும்கூட. விந்துப் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. விந்து வெளியேற்றாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுத் தரப்படும் மாதிரியில், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள் என்பது கீழ்வரம்பு. அதற்குக் குறைந்தாலும் ஒரே அறிக்கையைக் கொண்டு முடிவு கட்டாமல் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பெண்ணுக்கு ஸ்கேன், தைராய்டு, அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஏழு நாள் முன்பாக (முட்டை வெளிவந்ததா என்று காட்டும்) புரோஜெஸ்டிரோன் ஹார்மோன், சாயம் செலுத்திக் கருக்குழாய் எக்ஸ்ரே ஆகியவை போதுமான தொடக்கம். ஏ.எம்.எச். என்ற ஹார்மோனின் அளவு குறைவு என்றால் கலங்க வேண்டாம். அது சினைப்பையில் மீதமுள்ள முட்டைகளின் இருப்பைக் காட்டுமே தவிர, இயற்கையாகக் கருத்தரிக்க இயலாது என்று சொல்வதில்லை.

பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) காரணமாக முட்டை வெளிவராதவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் மாத்திரையே முதல் சிகிச்சை. இரு கருக்குழாய்களும் அடைத்திருந்தால் ஐ.யு.ஐ. (விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் முறை) பயன் தராது; பெரும்பாலும் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) தேவைப்படும். ஆகவே, காரணத்தைக் கண்டறியாமலேயே ஐ.வி.எஃப். பேக்கேஜ் பேசும் மையத்தில் பணம் கட்டுவதற்கு முன், வேறொரு மருத்துவரிடம் அறிக்கைகளைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.