எட்டு வயதுப் பையனுக்கு பிரெப் ஸ்கூலா, போர்டிங்கா?

தம்பி, ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் (வேலைக்கான விசா) குடும்பத்தோடு இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு வந்திருக்கிறீர்கள். பையனுக்கு எட்டு வயது. ஆபீஸில் "பிரெப் ஸ்கூலில் போடு, முடிந்தால் போர்டிங்" என்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். பிரெப் என்பது சின்னப் பிள்ளைகளுக்கான, கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி; போர்டிங் என்றால் பள்ளி விடுதியிலேயே தங்கிப் படிப்பது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கிலாந்தில்தான் படித்தார்கள். மூத்தவன் பிரெப் முடித்து 13 வயதில் போர்டிங் போனான், இளையவள் கடைசிவரை ஸ்டேட் ஸ்கூல், அதாவது அரசுப் பள்ளி. என்னைக் கேட்டால், இப்போதைக்குப் போர்டிங் வேண்டவே வேண்டாம். பிரெப்புக்கும் அவசரம் இல்லை.

முதலில் பக்கத்து ஸ்டேட் பிரைமரியில் சேர்த்துவிடுங்கள். விசாவில் பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவித்தொகைகள்) கிடையாது என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளிப் படிப்பு அந்தக் கணக்கில் வராது, கட்டணமும் இல்லை. வருடத்தின் நடுவில் வந்தாலும் விண்ணப்பிக்கலாம், கவுன்சிலில் (உள்ளாட்சி அலுவலகம்) கேட்டால் வழி சொல்வார்கள். ஒரு வருடம் அங்கே ஓடட்டும். பையனுக்கு இந்த ஊர் பேச்சு பிடிபடும், உங்களுக்கும் பள்ளிக்கூட நடைமுறை புரியும்.

அப்புறமும் பிரெப் வேண்டும் என்று தோன்றினால், கட்டடத்தையும் நீச்சல்குளத்தையும் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: இந்தப் பள்ளி எந்த வயதில் முடிகிறது? சில பிரெப்கள் 11 வயதில் முடியும், சில 13 வரை போகும். ஈட்டன், ஹாரோ மாதிரி பெயர்பெற்ற தனியார் பள்ளிகள் முக்கியமாக 13 வயதில்தான் சேர்க்கின்றன. ஆனால் அதற்கான தேர்வு வேலை இயர் 6-லேயே, அதாவது பத்து பதினோரு வயதிலேயே, தொடங்கிவிடும். எங்கே போய் முடிய வேண்டும் என்று தெரியாமல் பிரெப்பில் போட்டால், நடுவில் ஒரு பள்ளி மாற்றம் வீணாகத் தலையில் விழும். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் பிள்ளைகள் எந்தெந்தப் பள்ளிகளுக்குப் போனார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். ஒன்றிரண்டு பெரிய பெயரை மட்டும் சொல்லி நழுவினால், முழுப் பட்டியலும் வேண்டும் என்று நின்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் வரி உண்டு. சொல்லும் தொகை வாட் சேர்த்தா இல்லையா, மதியச் சாப்பாடு, பஸ், யூனிஃபார்ம் எல்லாம் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். அதைவிட முக்கியம் நோட்டீஸ். பையனை நிறுத்துவதாக இருந்தால் பொதுவாக ஒரு முழு டெர்ம் (பள்ளிப் பருவம்) முன்பே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த டெர்ம் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். உங்கள் நிலைமையை யோசியுங்கள்: வேலை போனால் வேறு ஸ்பான்சர் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம்) தேட விசா தருவது பொதுவாக 60 நாள். அந்த நெருக்கடியில் பள்ளியும் ஆயிரக்கணக்கில் பவுண்டு கேட்கும். வேலை நிலைக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

போர்டிங் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எட்டு வயதில் பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. ஊர் ஊராக மாறும் ராணுவக் குடும்பங்களுக்கு அது உதவியாக இருக்கிறது. உங்கள் பையன் தாத்தா பாட்டி, சிநேகிதர்கள், பழகிய தெரு எல்லாவற்றையும் இப்போதுதான் விட்டு வந்திருக்கிறான். அவனுக்கு மாறாமல் மிச்சம் இருப்பது நீங்கள் இரண்டு பேரும் வீட்டுத் தமிழும்தான். அதையும் இந்த வயதில் எடுத்துவிடாதீர்கள்.

பிற்பாடு, 13 வயதில், அவனே ஆசைப்பட்டால் பார்க்கலாம். அப்போது ஓப்பன் டேயை (பெற்றோருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாள்) மட்டும் நம்பாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் விடுதியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மூத்தவனுக்காக நாங்கள் போன ஓர் இடத்தில் வாசலிலேயே ஒரு வெள்ளைப் பலகை, அன்று ராத்திரி தங்குகிறவர்களின் பெயர்கள் அதில் விரல் விட்டு எண்ணும்படி இருந்தன. மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஃபுல் போர்டிங், அதாவது வார இறுதியிலும் பிள்ளைகள் தங்குவார்கள் என்று விளம்பரம், வார இறுதியில் காலியான ஹால். இன்னோரிடத்தில் ஒரு சின்னப் பையன் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான். விடுதியில் பிள்ளைகளைக் கவனிக்கும் மேட்ரன் பிளாஸ்டரை எடுத்தபடியே, "போன வாரம் அடிபட்ட அதே முட்டியா?" என்று கேட்டார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவனை அங்கேதான் சேர்த்தோம். தனியார் பள்ளிகளைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஐ. அமைப்பின் ஆய்வறிக்கையையும் வரிவரியாகப் படித்தோம், அது அவசியம். ஆனால் இந்த மாதிரி விஷயம் அதில் கிடைக்காது.

ரெடிங்கில் இருப்பதால் ஒன்றைத் தவறவிடாதீர்கள். ரெடிங் ஸ்கூல் பையன்களுக்கான அரசு கிராமர் பள்ளி (தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளி), படிப்புக்குக் கட்டணம் இல்லை. அங்கே போர்டிங்கும் உண்டு, தங்குவதற்கு மட்டும்தான் பணம். நுழைவுத் தேர்வு இயர் 6 தொடக்கத்தில், பதிவு அதற்கு முன்பே முடிந்துவிடும். இயர் 5-ல் பள்ளியின் இணையதளத்தை அடிக்கடி பாருங்கள். போட்டி கடுமை, அதற்காக இப்போதே டியூஷன் வேண்டாம். தினமும் கதைப் புத்தகம் படிக்க வையுங்கள், போதும்.

எந்த பிரெப்பையாவது பார்த்து மனசு ஒத்துவந்தால், டெபாசிட் கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பகுதியை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.